உக்ரைன் படைக்குப் பயிற்சி தர அமெரிக்கா போட்ட சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உக்ரைனுக்கு அமெரிக்கா மேலும் இத்தனை கோடி டாலர்" என்று டிவியில் கீழே ஒரு வரி ஓடும். பார்க்கிறவர்களுக்கு யாரோ பணத்தைக் கட்டுக்கட்டாக விமானத்தில் ஏற்றி அனுப்புவது போலத் தோன்றும். அந்தப் பணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, யார் கையைத் தாண்டிப் போகிறது, எங்கே சிக்கிக்கொள்ளும் என்று நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். ஆயுதங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பயிற்சிக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டத்துக்கும்தான் அதிக இடம்.

எந்தச் சட்டம் இது? எப்போது வந்தது?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் தேசியப் பாதுகாப்பு அனுமதிச் சட்டம் என்று ஒன்று நிறைவேறும். ராணுவத்தின் சம்பளம், கப்பல், விமானம் என்று எல்லாவற்றையும் பேசும் தலையணை சைஸ் சட்டம் அது. 2016 நிதியாண்டுக்கான சட்டத்தில் 1250ஆம் பிரிவாக 'உக்ரைன் பாதுகாப்பு உதவித் திட்டம்' சேர்க்கப்பட்டது. சுருக்கமாக யு.எஸ்.ஏ.ஐ. என்பார்கள். அதிபர் ஒபாமா 2015 நவம்பர் 25 அன்று கையெழுத்துப் போட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, இதே பிரிவு இருந்த முதல் மசோதாவை அவரே வீட்டோ செய்து திருப்பி அனுப்பியிருந்தார். காரணம் உக்ரைன் இல்லை. பட்ஜெட் கணக்கில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) செய்த ஒரு சுற்றுவழியும், குவாண்டனாமோ சிறையை மூட விடாத விதிகளும்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய மசோதாவில் தொற்றிக்கொண்டு போகும் சின்னப் பிரிவுக்கு இது வழக்கமான தலைவிதி. வண்டி எங்கே நின்றாலும் அதுவும் நிற்கும்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டு, கிழக்கே டான்பாஸில் சண்டையும் மூண்ட பிறகு, அந்த டிசம்பரிலேயே 'உக்ரைன் சுதந்திர ஆதரவுச் சட்டம்' வந்தது. மூன்று ஆண்டுகளில் 35 கோடி டாலர் வரை தளவாடமும் பயிற்சியும் தரலாம் என்றது. ஆனால் ஆண்டுதோறும் பணம் வரும் வாய்க்காலாக நிலைத்தது 1250ஆம் பிரிவுதான்.

உக்ரைன் அமெரிக்காவின் கூட்டாளி நாடா?

பேச்சுவழக்கில் ஆமாம். கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. 'உன்னை அடித்தால் என்னை அடித்த மாதிரி' என்ற ஒப்பந்தம் நேட்டோ உறுப்பு நாடுகளுக்கும் ஜப்பான், தென்கொரியா போன்ற சில நாடுகளுக்கும்தான் உண்டு. உக்ரைன் நேட்டோவில் இல்லை. அதனால்தான் இந்தச் சட்டத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம். ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒரு சட்டப் பிரிவுதான் உறவைத் தாங்குகிறது.

சட்டம் வந்துவிட்டால் பணம் வந்துவிடுமா?

வராது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். ஊராட்சியில் "தெற்குத் தெருவுக்கு சிமென்ட் சாலை போடலாம்" என்று தீர்மானம் நிறைவேற்றுவார்கள். மறுநாள் ஜல்லி வந்து இறங்கிவிடுமா? நிதி ஒதுக்கீடு தனி. அது வந்தால்தான் வேலை. அமெரிக்கக் காங்கிரஸிலும் அப்படியே இரண்டு சட்டங்கள். 'இந்த வேலையைச் செய்யலாம், இவ்வளவு வரை செலவழிக்கலாம்' என்று சொல்வது அனுமதிச் சட்டம். கஜானாவைத் திறப்பது ஒதுக்கீட்டுச் சட்டம். இரண்டையும் எழுதுவது வெவ்வேறு குழுக்கள். முதலாவது ஆயுதப் படைகள் குழு, இரண்டாவது நிதி ஒதுக்கீட்டுக் குழு. இரண்டு குழுவினருக்கும் இடையில் வாய்க்கால் தகராறு மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1250ஆம் பிரிவு அனுமதித்தது 30 கோடி டாலர். அடுத்த மாதம் வந்த ஒதுக்கீட்டுச் சட்டம் கொடுத்தது 25 கோடி. செய்தித்தாள்களில் இரண்டு எண்ணும் வந்தன, இரண்டும் சரிதான். அதற்கடுத்த ஆண்டுகளின் ஒதுக்கீடு: 2017க்கு 15 கோடி, 2018க்கு 20 கோடி, 2019க்கும் 2020க்கும் தலா 25 கோடி, 2021க்கு 27.5 கோடி, 2022க்கு 30 கோடி. இதில் ஆயுதம், ரேடார், வாகனம், பயிற்சி எல்லாம் அடக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடியும். நம் அலுவலகங்களில் மார்ச் கடைசியில் நடக்கும் அவசரம் அங்கே செப்டம்பரில் நடக்கும். குறித்த தேதிக்குள் ஒப்பந்தம் போடாத பணம் காலாவதி ஆகிவிடும். எவ்வளவு பணம் என்பதைவிட எந்தத் தேதி வரை என்பது முக்கியமாகிவிடுகிற கதை கீழே வருகிறது.

சட்டத்தில் 'பயிற்சி' என்று எழுதியிருப்பது எதை?

சட்ட மொழி பொதுவாகத் தூக்கம் வரவைக்கும். இந்தப் பட்டியல் அப்படியில்லை. திட்டமிடுதல், படையை வழிநடத்துதல், சிறு குழுக்களாகச் சண்டையிடும் முறை, எதிரியின் பீரங்கியைச் சமாளிப்பது, சரக்கு வழங்கல், நாட்டு வெடிகுண்டுகளை எதிர்கொள்வது, போர்க்களத்தில் முதலுதவி, சண்டை முடிந்தபின் சிகிச்சை, காயம்பட்டவரை வெளியே தூக்கிவருவது. இத்தனையும் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன.

முதலுதவி சட்டப் புத்தகம் வரை போனதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் டான்பாஸுக்குப் போன உக்ரைன் வீரர்கள் பலரிடம் உருப்படியான முதலுதவிப் பையே கிடையாது. தொடையில் குண்டு பாய்ந்தால் ரத்தம் வெளியேறி உயிர் போக சில நிமிடங்கள் போதும். காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றி, அதில் இருக்கும் சிறு கட்டையைத் திருகி இறுக்கி, எத்தனை மணிக்குக் கட்டினோம் என்று எழுதிவைப்பது: டூர்னிக்கே என்ற இந்தப் பட்டையை ஒற்றைக் கையால், இருட்டில், தனக்குத்தானே கட்டிக்கொள்ளப் பழக வேண்டும். கேட்க எளிது. கை நடுங்கும்போது வரவேண்டும் என்றால் நூறு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும்.

பயிற்சி எங்கே நடந்தது? யார் கொடுத்தார்கள்?

உக்ரைனின் மேற்கு மூலையில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில், லிவிவ் நகருக்கு வடமேற்கே யாவோரிவ் என்ற பயிற்சித் தளம் இருக்கிறது. சோவியத் காலத்திலிருந்தே ராணுவத்தின் இடம். 2015 ஏப்ரலில் இத்தாலியின் விசென்சாவிலிருந்து அமெரிக்காவின் 173ஆவது வான்குதிப்புப் படையணி வீரர்கள் சுமார் 300 பேர் அங்கே வந்தார்கள். அப்போது 1250ஆம் பிரிவு பிறக்கவே இல்லை. முதல் சுற்றுக்கான பணம் வேறொரு நிதியிலிருந்து, சுமார் 1.9 கோடி டாலர். முதலில் பயிற்சி பெற்றவர்களும் ராணுவத்தினர் கிடையாது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் தேசியக் காவல் படையினர். அந்த ஆண்டு இறுதியில்தான் பாதுகாப்பு அமைச்சகத்தின் படைகளுக்கும் நீட்டித்தார்கள். அதன்பிறகு பல அமெரிக்க மாநிலங்களின் தேசியக் காவல் படைகள் முறைவைத்து வந்து போயின. கனடா, பிரிட்டன், லிதுவேனியா, போலந்து ஆகிய நாடுகளும் பயிற்சியாளர்களை அனுப்பின.

இதில் கலிபோர்னியாவுக்குத் தனி உறவு. சோவியத் உடைந்ததும் அமெரிக்க மாநிலங்களின் தேசியக் காவல் படைகளை முன்னாள் சோவியத் நாடுகளோடு ஜோடி சேர்க்கும் திட்டம் ஒன்று வந்தது. 1993 முதல் உக்ரைனுக்கு ஜோடி கலிபோர்னியா. அதிபர்களும் தளபதிகளும் மாறினாலும் இந்த நட்பு தொடர்ந்தது.

வகுப்பு எப்படி இருக்கும்? பயிற்சியாளர் ஒரு வாக்கியம் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் சொல்வார், கேள்வி வரும், அது திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும். ஒரு மணி நேரப் பாடம் இரண்டு மணி நேரம் இழுக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பலர் கிழக்கில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். ஐரோப்பாவில் அமெரிக்கத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய பென் ஹாட்ஜஸ் இதை அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்: ரஷ்யாவின் கனரகப் பீரங்கித் தாக்குதலுக்குக் கீழே இருந்த அனுபவம் அமெரிக்கர் யாருக்கும் இல்லை, உக்ரைனியர்களுக்கு உண்டு, அவர்களிடமிருந்து நாங்கள் கற்கிறோம் என்ற பொருளில். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வான்படையே இல்லாத எதிரியோடு சண்டை போட்டுப் பழகியவர்களுக்கு, ரேடியோ அலையை முடக்கி, ட்ரோனால் பார்த்து, அடுத்த சில நிமிடத்தில் பீரங்கியால் அடிக்கும் எதிரி புதுசு. யார் வாத்தியார் யார் மாணவன் என்பது பாடத்தைப் பொறுத்து மாறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் சோவியத் பழக்கத்தை மாற்றுவதுதான் பயிற்சியாளர்கள் பட்ட பெரிய பாடு. பத்துப் பேரை நடத்தும் சார்ஜென்ட் தானே முடிவெடுக்க வேண்டும் என்பது மேற்கத்திய முறை. இதற்கு ஆகும் டாலர் கொஞ்சம்தான், ஆண்டுகள்தான் அதிகம்.

2022 பிப்ரவரி 12 அன்று, முழுப்போர் தொடங்குவதற்குச் சரியாக 12 நாள் முன்பு, அங்கிருந்த புளோரிடா தேசியக் காவல் படையினர் சுமார் 160 பேரை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. மார்ச் 13 அன்று யாவோரிவ் தளத்தின் மீது ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தன. 35 பேர் இறந்ததாக உக்ரைன் அதிகாரிகள் அறிவித்தார்கள்.

பணம் உக்ரைன் அரசின் கைக்குப் போகிறதா?

இந்தத் திட்டத்தில் போவதில்லை. ஒதுக்கீடு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனுக்கு வருகிறது. பென்டகன் அமெரிக்க நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுப் பொருளை வாங்குகிறது, பயிற்சிச் செலவைக் கொடுக்கிறது. உக்ரைனுக்குப் போய்ச்சேர்வது பொருளும் சேவையும். "அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிற்சாலைகளிலேயே செலவாகிறது" என்று ஆதரவாளர்கள் அங்கே ஓட்டுக் கேட்கும்போது சொல்வதும் இதை வைத்துத்தான். அரசு ஊழியர் சம்பளத்துக்கும் மற்றதுக்கும் அமெரிக்கா கொடுத்த பட்ஜெட் உதவி வேறு கணக்கு. இரண்டையும் கூட்டிச் சொன்ன எண்ணைக் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

நிபந்தனைகள் உண்டா?

உண்டு. எனக்கு இந்தச் சட்டத்தில் சுவாரசியமான பகுதியே இதுதான்.

முதலில் சான்றிதழ். 2017 நிதியாண்டுச் சட்டத்திலிருந்து, தொகையில் பாதியைப் பூட்டிவைத்தார்கள். உக்ரைன் தன் பாதுகாப்புத் துறையைச் சீர்திருத்த உருப்படியான நடவடிக்கை எடுத்திருக்கிறது, ராணுவம் மக்கள் பிரதிநிதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது, கொள்முதலில் ஒளிவுமறைவு குறைகிறது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் எழுத்தில் சான்று கொடுத்தால்தான் மறுபாதி. கீவ் நகரில் இது வேலை செய்தது. 2018இல் உக்ரைன் நாடாளுமன்றம் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பாதுகாப்பு அமைச்சர் சீருடைக்காரராக இருக்கக் கூடாது என்ற விதி அதில் வந்தது. அப்போது அமைச்சராக இருந்த ஜெனரல் ஸ்டெபான் போல்டோராக் அந்த அக்டோபரில் ராணுவப் பணியிலிருந்து விடுபட்டு, சாதாரணக் குடிமகனாக அதே நாற்காலியில் தொடர்ந்தார். நாற்காலியில் ஆள் அதே ஆள்தான். ஆனாலும் ராணுவத்தில் இருந்துகொண்டே அமைச்சராகும் பழக்கம் அதோடு போயிற்று.

அடுத்தது லேஹி சட்டம். வெர்மான்ட் மாநில செனட்டர் பேட்ரிக் லேஹியின் பெயரால் அழைக்கப்படுவது, 1990களின் கடைசியில் வந்தது, எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். ஒரு படைப்பிரிவு கொலை, சித்திரவதை, ஆட்களைக் காணாமல் ஆக்குவது, பாலியல் வன்முறை போன்ற கடும் மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் இருந்தால், அந்தப் பிரிவுக்கு அமெரிக்க உதவி கிடையாது. பயிற்சிக்கு வருபவர்களின் பெயரும் அவர்களது படைப்பிரிவும் தூதரகத்துக்கும் வெளியுறவுத் துறைக்கும் போய்ச் சரிபார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது அசோவ். 2014இல் தன்னார்வப் படையாகத் தொடங்கி, அந்த ஆண்டே தேசியக் காவல் படைக்குள் சேர்க்கப்பட்ட பிரிவு இது. அதன் தொடக்ககால ஆட்களின் தீவிர வலதுசாரித் தொடர்புகள் வாஷிங்டன் வரை பேசப்பட்டன. 2015 ஜூனில் அசோவுக்குப் பயிற்சி தரக் கூடாது என்ற திருத்தத்தை, காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை எதிர்ப்பே இல்லாமல் ஏற்றது. ஆனால் அந்த டிசம்பரில் வந்த இறுதிச் சட்டத்தில் அந்த வரி காணோம். இரு சபைகளின் பேச்சுவார்த்தைக்கு நடுவே அது உதிர்ந்துவிட்டது. 2018 மார்ச்சில் வந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தில்தான் தடை ஏறியது. 2024 ஜூனில், லேஹி சோதனையில் இப்போதைய அசோவ் படையணி மீது மீறல் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி வெளியுறவுத் துறை உதவியை அனுமதித்தது. ஒரு மசோதாவை நாடாளுமன்றத்தின் ஒரு சபை நிறைவேற்றியதுமே "சட்டமாகிவிட்டது" என்று பகிர்பவர்கள் இந்த மூன்று ஆண்டுக் கதையை ஒருமுறை நினைத்துக்கொண்டால் நல்லது.

காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் நிறுத்திவைக்க முடியுமா?

2019இல் நடந்தது இதற்கான பாடம்.

அந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு 25 கோடி டாலர். மே மாதம் சீர்திருத்தச் சான்று கொடுத்தாயிற்று. ஜூன் 18 அன்று பென்டகன் செலவுத் திட்டத்தைப் பகிரங்கமாக அறிவித்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஜூலை 18 அன்று, வெள்ளை மாளிகையைச் சேர்ந்த பட்ஜெட் அலுவலகம் "நிறுத்திவையுங்கள்" என்றது. ஜூலை 25 அன்று காலை அதிபர் டிரம்பும் உக்ரைன் அதிபர் செலன்ஸ்கியும் தொலைபேசியில் பேசினார்கள். டிரம்பின் அரசியல் எதிராளியான ஜோ பைடனைப் பற்றி விசாரிக்கச் சொல்லி அதில் கேட்கப்பட்டதுதான் பின்னால் வெடித்தது.

நிறுத்தியது எப்படி என்று பாருங்கள். ஆணை பிறப்பிக்கவில்லை, உரை நிகழ்த்தவில்லை. ஒதுக்கிய பணத்தைத் துறைகளுக்குப் பகிர்ந்துகொடுக்க பட்ஜெட் அலுவலகம் ஓர் அட்டவணை போடும். அன்று மாலை அந்த அட்டவணையில் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தது: இந்தத் தொகை குறித்த தேதி வரை ஒப்பந்தத்துக்குக் கிடையாது. அந்தத் தேதி நெருங்கியதும் இன்னொரு அடிக்குறிப்பு. அப்புறம் இன்னொன்று. ஆகஸ்ட் முழுக்க, செப்டம்பர் தொடக்கம் வரை இப்படியே. சின்ன எழுத்தில் நாலு வரி, 25 கோடி டாலரைக் கட்டிப்போட்டுவிட்டது. வெளியுறவுத் துறை வழியாகப் போகும் 14.1 கோடியும் சேர்ந்து நின்றது. மொத்தம் 39.1 கோடி.

ஆகஸ்ட் கடைசியில் செய்தி வெளியே கசிந்தது. இரு கட்சி செனட்டர்களும் கேள்வி கேட்டார்கள். செப்டம்பர் 11 அன்று தடை நீங்கியது. மிச்சம் 19 நாள். பென்டகன் ஆட்கள் ராத்திரி பகலாக ஒப்பந்தங்களைப் போட்டும் சுமார் 3.5 கோடி டாலர் மாட்டிக்கொண்டது. செப்டம்பர் 30 தாண்டினால் அது செல்லாது. அந்தத் தொகையின் கெடுவை நீட்டிக்க, இடைக்கால பட்ஜெட் சட்டத்தில் காங்கிரஸ் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

இது சட்டப்படி சரியா? 1974இல், நிக்சன் காலத்துச் சண்டைக்குப் பிறகு, ஒரு சட்டம் வந்தது. காங்கிரஸ் ஒதுக்கியதை நிறுத்த விரும்பினால் அதிபர் காங்கிரஸுக்கே எழுதிக் காரணம் சொல்ல வேண்டும். கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளிவைக்கக் கூடாது. காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2020 ஜனவரி 16 அன்று இந்தச் சட்டம் மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. வெளியுறவுக் கொள்கையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் நிறுத்தினோம் என்ற பட்ஜெட் அலுவலகத்தின் விளக்கத்தை அது ஏற்கவில்லை. அதற்குள் பிரதிநிதிகள் சபை டிரம்ப் மீது 2019 டிசம்பர் 18 அன்று பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியிருந்தது. 2020 பிப்ரவரி 5 அன்று செனட் அவரை விடுவித்தது.

ஆக, "முடியுமா" என்றால் சட்டப்படி முடியாது. நடைமுறையில் 55 நாள் முடிந்தது. தணிக்கை அமைப்பின் முடிவுக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை.

2022க்குப் பிறகு என்ன மாறியது?

தொகையின் அளவே மாறிவிட்டது. ஆண்டுக்கு 30 கோடி என்றிருந்த கணக்குக்கு 2022 மே மாதத்தில் வந்த 4,000 கோடி டாலர் அவசரச் சட்டத்தில் மட்டும் 600 கோடி. அந்த டிசம்பரில் 900 கோடி. பிறகு குடியரசுக் கட்சிக்குள் பிளவு வந்து, புதிய மசோதா மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2024 ஏப்ரல் 20 அன்று பிரதிநிதிகள் சபை 311–112 என்று நிறைவேற்றியது. சுமார் 6,100 கோடி டாலர் மசோதாவில் இந்தத் திட்டத்துக்குச் சுமார் 1,380 கோடி.

பயிற்சியின் இடமும் மாறியது. உக்ரைனுக்குள் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இல்லை. ஜெர்மனியின் கிராஃபன்வோர் தளம் முக்கிய மையமானது. ஒருங்கிணைப்புக்கு 2022 நவம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடனில் தனித் தலைமையகம் அமைத்தார்கள். பேட்ரியட் ஏவுகணை அமைப்பை இயக்கப் பழகுவதற்கு 2023 ஜனவரியில் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் தளத்துக்கு உக்ரைன் வீரர்கள் போனார்கள். வழக்கமாகப் பல மாதங்கள் பிடிக்கும் பாடத்தைப் பத்து வாரத்தில் முடித்துக்கொண்டு திரும்பினார்கள். எஃப்-16 போர் விமானம் ஓட்டப் பழகியவர்களில் ஒரு பகுதியினர் அரிசோனாவின் டுசான் நகருக்குப் போனார்கள்.

பைடன் காலத்தில் வாராவாரம் அறிவித்த உதவியும் இதுதானா?

பெரும்பாலும் வேறு. அது 1961ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவிச் சட்டப்படி, அமெரிக்கப் படையின் சொந்தக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது. சில நாளில் போய்ச்சேரும். சாதாரணமாக ஆண்டுக்கு 10 கோடி டாலர்தான் உச்சவரம்பு, 2022 நிதியாண்டுக்கு 1,100 கோடியாக உயர்த்தினார்கள். யு.எஸ்.ஏ.ஐ. என்றால் புதிதாக ஆர்டர் கொடுத்து வாங்குவது. மாதங்களோ ஆண்டுகளோ ஆகும்.

பயிற்சிக்குப் பலன் இருந்ததா?

2022 தொடக்கத்தில் உக்ரைனின் சிறு குழுக்கள் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் இயங்கிய விதத்தைப் பலர் யாவோரிவ் பயிற்சியின் பலன் என்கிறார்கள். ஓரளவு உண்மை. டான்பாஸில் எட்டு ஆண்டு சண்டை போட்ட அனுபவத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

2023 கோடையில் உக்ரைன் நடத்திய எதிர்த்தாக்குதலில் மறுபக்கம் தெரிந்தது. ஜெர்மனியில் சில வாரம் பயிற்சி பெற்ற புதிய படையணிகள் தெற்கே சபோரிஷியா பகுதியில் அடர்ந்த கண்ணிவெடி வயல்களில் போய் நின்றன. டாங்கி, காலாள், பீரங்கி எல்லாம் சேர்ந்து இயங்கும் அமெரிக்கப் பாடத்தில், வானம் நம் கையில் இருக்கிறது என்பது சொல்லாமலே புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. உக்ரைனுக்கு அந்த வானம் இல்லை. பாடத்திட்டம் எழுதியவர் வேறொரு போரை நினைத்து எழுதியிருந்தார்.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் உண்டா?

இந்தியாவும் வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிறது. நீலகிரி வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் பல நாட்டு அதிகாரிகள் படிக்கிறார்கள். வெளிநாட்டவருக்குப் பயிற்சி தர 1964 முதல் இயங்கும் ஐடெக் திட்டம் வழியாகவும் வருகிறார்கள். ஆனால் இன்ன நாட்டுக்குப் பயிற்சி, இவ்வளவு தொகை, இன்ன நிபந்தனை என்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் போடுவதில்லை. அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையோடு சேர்ந்து போய்விடும். முடிவு மத்திய அரசுடையது.

அதனால்தான் 2012 ஜூலையில் இலங்கை விமானப் படையினர் ஒன்பது பேர் தாம்பரத்தில் பயிற்சி பெறுவது தெரிந்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு முதல்வர் ஜெயலலிதாவின் கடிதமாகவும் கட்சிகளின் போராட்டமாகவும்தான் வெளிப்பட முடிந்தது. அவர்களைப் பெங்களூருவின் எலகங்காவுக்கு மாற்றினார்கள், பயிற்சி தொடர்ந்தது. மறு ஆண்டு வெலிங்டனில் இரண்டு இலங்கை அதிகாரிகள் விஷயத்திலும் அதே காட்சி. வாஷிங்டனிலோ, 2008 நிதியாண்டு ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே இலங்கைக்கான ராணுவ நிதியுதவிக்கு மனித உரிமை நிபந்தனை போட்டு, கடல்-வான் கண்காணிப்புக்கும் தகவல் தொடர்புக்கும் மட்டும் விலக்கு எழுதிவைத்தார்கள். அந்த நிபந்தனை போரை நிறுத்திவிடவில்லை. ஆனால் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று யாரும் எடுத்துப் படிக்க முடிகிறது.

இப்போது இந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது, பழைய உடம்போடு இல்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு உதவியை நிறுத்தி, சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த பேச்சுக்குப் பிறகு மீண்டும் திறந்தது. அந்த டிசம்பரில் கையெழுத்தான 2026 நிதியாண்டுப் பாதுகாப்பு அனுமதிச் சட்டம் 2026க்கும் 2027க்கும் தலா 40 கோடி டாலர் என்கிறது. இது அனுமதித் தொகை. ஒதுக்கீட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.